குஞ்சு அறைக்கு இழுத்த கரண்ட்

லண்டனில் இருக்கும் என் தம்பி, சமாதானம் வந்த அடுத்த வருடம், கப்பலில் ஒரு பெட்டி அனுப்பினான். பலகையைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒரு ஹீற்றர். சும்மா ஹீற்றர் அல்ல. கறுப்புத் தகரத்தில் அடுப்பு மாதிரிச் செய்து, உள்ளே பிளாஸ்ரிக்கில் விறகுக் கட்டைகள் அடுக்கி, பின்னால் சிவப்பு வெளிச்சம் வைத்து, எரியாத விறகை எரிவதுபோலக் காட்டுகிற சாமான். கீழே இருக்கிற வாயால் சூடான காற்று வரும். குளிர் தேசத்தில் அதைச் சுவரோடு வைத்து, முன்னால் கதிரை போட்டுக் குந்தியிருப்பார்களாம். வீடு மாறும்போது எறிய மனம் வராமல் அக்காவுக்கு அனுப்பியிருக்கிறான். அக்கா இருப்பது வவுனியாவில். பங்குனியில் தகரக் கூரைக்குக் கீழே கிடந்து அவிகிறவளுக்கு அனலடிக்கிற பெட்டி. துணுக்காய் வயலில் சேறு மிதித்து வளர்ந்த பிள்ளைதான் அவனும். இருபது வருடத்தில் ஊரின் வெயில் அவன் மண்டையை விட்டுப் போயிருக்கிறது.

எங்கள் ஒழுங்கைச் சனமே வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போனது. எல்லோரிலும் கூடச் சிரித்தவர் என் மச்சாள். செத்துப்போன என் கணவரின் அக்கா. இரண்டு வேலி தள்ளி மகனோடு இருந்தார்.

“தம்பியார் அனுப்பின விறகில சோறு வேகுமோ?” என்று கேட்டார்.

“வெந்தால் உங்களுக்கும் ஒரு பிடி தாறன் மச்சாள்,” என்றேன்.

சாக்கால் மூடி நெல் அறையில் வைத்தேன். அங்கேயே கிடந்து துருப்பிடித்திருந்தால் சொல்ல ஒன்றும் இருந்திராது.

அந்த மார்கழியில் ஒரு நிவாரண நிறுவனத்தின் வாகனம் எங்கள் ஒழுங்கைக்கு வந்தது. ஆண்துணை இல்லாத, வயதான பெண்களுக்கு வீட்டுக்கு ஐம்பது கோழிக்குஞ்சு. பொரித்து ஒரு நாளான குஞ்சு. ஒரு மூட்டைத் தீனும் உண்டு. மகனை வைத்துக்கொண்டே மச்சாளும் பெயர் கொடுத்துவிட்டார். கொடுப்பதற்கு முதல் ஒரு வகுப்பு வைத்தார்கள். வேப்பமரத்தின் கீழ் நின்று, சப்பாத்துப் போட்ட ஒரு அதிகாரிப் பிள்ளை எங்களுக்குக் கோழியைப் பற்றிப் படிப்பித்தாள். முதல் மூன்று கிழமையும் குஞ்சுக்குச் சூடு வேண்டுமாம். சூடு காணாவிட்டால் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நசிந்து செத்துப்போகுமாம். இடம்பெயர்ந்து ஓடுகிறபோதும் அடைக்கோழியைக் கூடையில் வைத்துச் சுமந்தவள் நான். கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

“முப்பதுக்குக் குறையாமல் நிக்கவேணும் அம்மா. குறைஞ்சால் அடுத்தமுறை தரமாட்டம். நான் வந்து எண்ணுவன்,” என்றாள்.

“என்ன முப்பது? என்ர வீட்டில அம்பதும் நிக்கும். வந்து எண்ணும்,” என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்.

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அந்தக் குஞ்சுகள் எனக்கு விளையாட்டல்ல. மாதாமாதம் காசு அனுப்புகிறேன் என்று தம்பி எழுதியிருந்தான். வேண்டாம் என்று பதில் எழுதுவித்தேன். ஆற்றுக்கும் குளத்துக்கும் ஓடி ஓடி வயிறு வளர்த்தவள், கடைசிக் காலத்தில் இன்னொருவன் உறைக்குள் போட்டு அனுப்புகிறதைத் தின்பதா? முட்டை விற்றுச் சாப்பிடுவேன் என்று முடிவெடுத்திருந்தேன். அது நடக்குமா நடக்காதா என்பது அந்த ஐம்பது குஞ்சிலும் இருந்தது.

குஞ்சுகள் வந்த கிழமை மழையும் வந்தது. வாடைக்காற்று தகரத்தைத் தூக்கித் தூக்கி அடித்தது. மற்றப் பெண்கள் அரிக்கன் லாம்பைக் கொளுத்திக் குஞ்சுக்கு மேலே தொங்கவிட்டார்கள். நானும் அப்படிச் செய்திருக்கலாம். நெல் அறையில் சாக்கு மூடிக் கிடந்த பெட்டியைப் பார்த்தேன். சிரித்தவர்கள் எல்லோரும் வந்து வாசலில் நின்று பார்க்கவேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான். வேறு ஒரு நியாயமும் கிடையாது.

கரண்ட் வேலை தெரிந்தவர்கள் என்று அந்தப் பக்கத்தில் இரண்டு பேர் இருந்தார்கள்.

ஒருவன் மச்சாளின் மகன், எனக்கு மருமகன் முறை. நாற்பது வயது. சண்டைக் காலத்தில் பற்றரி வராமல் தடை இருந்தபோது, துணுக்காயில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ பாட வைத்தவன். அந்த நாளில் அது பெரிய வேலைதான். செய்தி கேட்க ஊரே அவன் வாசலில் குந்தியிருந்தது. அன்று என்ஜினியர் என்று பட்டம் கொடுத்தார்கள். அதை அவன் திருப்பிக் கொடுக்கவேயில்லை. வவுனியாவுக்கு வந்து, உண்மையான கரண்டைக் கண்ட பிறகும் டைனமோவில் படித்த படிப்புத்தான். பற்றரியில் உயிர் இருக்கிறதா என்று நாக்கால் தொட்டுப் பார்க்கிற வழக்கமும் அவனை விட்டுப் போகவில்லை.

மற்றவர் வாய்க்காலுக்கு அங்காலே இருந்தார். மலைநாட்டில் தேயிலைத் தொழிற்சாலையில் பதினைந்து வருடம் கரண்ட் வேலை செய்தவர். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் அடிபட்டு வந்து, காடு வெட்டிக் குடியேறிய ஆட்களில் ஒருவர். அறுபதை நெருங்கிய மனிதர். தோளில் ஒரு கன்வஸ் பையோடு தினமும் என் வேலிப் படலையைத் தாண்டிப் போவார். அந்த ஆட்களை எங்கள் ஆட்கள் தோட்டக்காட்டார் என்று சொல்வார்கள். நானும் சொன்னேன். எங்கள் வளவுக்கு வேலைக்கு வந்தால் அவர்கள் பின் படலையால் வருவார்கள். தேத்தண்ணி கொடுக்க மாட்டுக்கொட்டிலில் ஒரு தகரப் பேணி தொங்கும். வீட்டுக்குள் அவர்கள் கால் வைத்தது கிடையாது. என் வீட்டுக் கரண்ட் போர்டோ நடு அறையில், சாமிப் படங்களுக்குப் பக்கத்துச் சுவரில் இருந்தது.

ஆகவே அவரைக் கூப்பிடுகிற நினைப்பே வரவில்லை என்று சொல்லலாம். சொன்னால் பொய். வந்தது, தள்ளிவிட்டு மருமகனைக் கூப்பிட்டேன்.

அவன் வந்தான். பின்னால் தாயும் வந்தார், மகன் வேலை செய்வதைப் பார்க்க. நெல் அறையின் ஒரு மூலையில் உமி பரப்பி, பலகையால் மறித்துக் குஞ்சுகளை விட்டிருந்தேன். அந்த அறையில் இருந்தது ஒரே ஒரு பல்ப். ஹீற்றரின் பிளக்குக்கு மூன்று சதுரக் கால். அது செருக என் வீட்டில் ஓட்டை இல்லை. பிளக்கை வெட்டி எறிந்தான். உள்ளே மூன்று வயர் இருந்தது.

“மாமி, கரண்டுக்கு ரெண்டு வயர் காணும். போறதுக்கு ஒண்டு, வாறதுக்கு ஒண்டு. இந்தப் பச்சையும் மஞ்சளும் சும்மா.”

“சும்மா ஒண்டை ஏன்ரா வெள்ளைக்காரன் வைக்கிறான்?”

“அவங்களிட்டைச் செம்பு கூட மாமி. வைப்பாங்கள்.”

“என்ர பிள்ளை ரெண்டு வயரில ரேடியோ பாட வைச்சவன்,” என்றார் மச்சாள்.

பச்சை மஞ்சள் வயரை ஒட்ட வெட்டி, ஒட்டுகிற கறுப்பு ரேப்பைச் சுற்றி உள்ளே தள்ளினான். மற்ற இரண்டையும், ரேடியோப் பெட்டிக்கு இழுக்கிற மெல்லிய இரட்டை வயரோடு முறுக்கி, அதைக் கொண்டுபோய் மேலே பல்ப் ஹோல்டரில் மாட்டினான். சுவிச்சைப் போட்டான். ஒரு கணம் சிவப்பாகத் தெரிந்தது. உடனே வீடு முழுக்கக் கரண்ட் நின்றது.

“பியூஸ் போயிட்டுது. உங்கட பியூஸ் நூல் மாதிரி மாமி,” என்று சொல்லிக்கொண்டு நடு அறைக்குப் போனான். பியூஸ் கட்டையைக் கழற்றி, செம்பு இழை நாலைந்தைச் சேர்த்து முறுக்கி அதற்குள் வைத்துப் பூட்டினான். “இனிப் போகாது.”

“போகாமல் இருக்கிறது நல்லதோடா?”

“இதென்ன கேள்வி மாமி? போகாட்டி நல்லதுதானே!”

இந்த முறை நிற்கவில்லை. பிளாஸ்ரிக் விறகு சிவந்தது. சூடு வந்தது. குஞ்சுகள் பரந்து நின்று தீன் கொத்தின. மச்சாள் வாசலில் நின்று கையை நீட்டிச் சூடு காய்ந்தார். ஒழுங்கைப் பெண்கள் இரண்டு மூன்று பேர் குடையோடு வந்து எட்டிப் பார்த்தார்கள். எனக்கு வந்த பெருமையை இப்போது நினைத்தால் காறித் துப்பலாம்போல் இருக்கிறது.

எல்லோரும் போன பிறகு, விளக்கு வைக்கிற நேரம், தண்ணீர் வைக்க உள்ளே போனேன். மேலே இருந்து தொங்கிய வயர் என் தோளில் பட்டது. சூடாக இருந்தது. வெயிலில் கிடந்த கம்பிச் சூடு இல்லை. நெல் அவிக்கிற கிடாரத்தின் விளிம்புச் சூடு. வேலிக்குப் போய்க் கூப்பிட்டேன்.

“டேய், வயர் சுடுதடா!”

“ஹீற்றருக்குப் போற வயர் சுடாமல் குளிருமோ மாமி?” என்று உள்ளே இருந்தபடியே கத்தினான். தாய் சிரிக்கிற சத்தமும் கேட்டது.

திரும்பி வந்தேன். அடுப்போடு அறுபது வருடம் கிடந்தவளுக்குச் சூட்டைப் பற்றி இவன் சொல்லித் தருகிறானே என்று ஒரு பக்கம் எரிச்சல்; எனக்குக் கரண்டைப் பற்றி என்ன தெரியும் என்று ஒரு பக்கம். சரி, பெட்டியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளுவோம் என்று ஈரக் கையால் அதன் தகரத்தைத் தொட்டேன். முழங்கை வரை பிடித்து உலுக்கி, என்னைச் சுவரோடு தூக்கி எறிந்தது. காலில் ரப்பர் செருப்பு இருந்தது. இல்லாவிட்டால் இதைச் சொல்ல நான் இருந்திருக்கமாட்டேன்.

எழும்புவதற்குள் மேலே ஹோல்டர் புகைந்தது. உருகி, வயரோடு சேர்ந்து கீழே உமியில் விழுந்தது. உமி பற்றி எரியாது, உள்ளுக்குள்ளே கனன்றுகொண்டு போகும். அறை புகையால் நிறைந்தது. தண்ணீர் வாளி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஊற்றவில்லை. அந்தளவு புத்தி இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடு அறைக்குப் போய், தடியால் தட்டி மெயின் சுவிச்சை விழுத்தினேன். பிறகு வந்து, மண்வெட்டியால் கனன்ற உமியை அள்ளி மழைக்குள் கொட்டினேன். பயந்துபோன குஞ்சுகள் ஒரு மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குவிந்து கிடந்தன. அதிகாரிப் பிள்ளை சொன்ன மாதிரியே. பிரித்துப் பிரித்து எடுத்தேன். அடியில் கிடந்த பன்னிரண்டு செத்திருந்தன.

முப்பத்தெட்டையும் பனையோலைக் கடகத்தில் போட்டு, பழைய கம்பளிப் போர்வையால் சுற்றி, லாம்பைப் பக்கத்தில் வைத்தேன். ஒழுங்கையில் கேட்டவர்களுக்கு, வாடை பட்டு விறைத்துச் செத்தது என்று சொன்னேன். ஐம்பதும் நிற்கும் என்று சொன்ன வாயால் வேறு என்ன சொல்ல?

விடிய மருமகன் வந்து பார்த்தான். உருகின ஹோல்டரைக் கையில் எடுத்து உருட்டினான்.

“ஹோல்டர் சரியில்லை மாமி. உள்ளூர்ச் சாமான். வேற ஒண்டு வாங்கித் தாங்கோ, பூட்டிவிடுறன்.”

“உன்னைப் பூட்டவேணும்,” என்றேன்.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் நெல் மூட்டை நிறுத்தவளுக்கு இலக்கம் பிழைக்காது. ஹீற்றரின் முதுகில் ஒட்டியிருந்த தகட்டில் இருந்ததை அப்படியே சீமெந்துத் தாளில் வரைந்துகொண்டு, கடகத்தைப் பார்த்துக்கொள்ள அடுத்த வீட்டுப் பெண்ணை என் வீட்டில் இருத்திவிட்டு, நகரத்துக்கு பஸ் ஏறினேன். முல்லைத்தீவில் கடை வைத்திருந்து, இடம்பெயர்ந்து, வவுனியாச் சந்தைக்குப் பின்னால் மறுபடி இரும்புக்கடை போட்ட ஒரு முஸ்லிம் முதலாளி இருந்தார். அலவாங்கு, மண்வெட்டி, வயர் எல்லாம் அவரிடம்தான் வாங்குவது. தாளை நீட்டினேன்.

“ரெண்டாயிரம் வோட்ஸ். என்னம்மா இது, கல்யாண வீட்டுக்கோ?”

“கோழிக்குஞ்சுக்கு.”

என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டு, அவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“எதில இருந்து எடுத்தனீங்கள்?”

“பல்பில இருந்து.”

“அல்லாவே! அம்மா, நூறு வோட்ஸ் பல்ப் தெரியும்தானே? இந்தப் பெட்டி இருபது பல்ப். இருபது பல்பையும் ஒரு பல்பின்ர வயரில கட்டித் தொங்கவிட்டிருக்கிறீங்கள்.”

என் வீடு முழுக்கவுமே நாலு பல்ப்தான். அவர் சொன்ன அந்த ஒரு வசனம் போதும். மிச்சம் எனக்கு விளங்கிவிட்டது. இருபது மூட்டை ஏற்றுகிற வண்டிலுக்கு ஆட்டுக்குட்டியைக் கட்டினால் என்ன ஆகும்? இதைச் சொல்ல அந்த என்ஜினியருக்கு வாய் இல்லை, தெரிந்தால்தானே சொல்ல.

“ஆர் பூட்டினது?” என்று முதலாளி கேட்டார். சொன்னேன்.

“வாய்க்காலுக்கு அங்கால வேலை தெரிஞ்ச மனுசன் ஒராள் இருக்கிறார். இந்த ரவுணில பாதிக் கடைக்கு அவர்தான் வயர் இழுத்தது. எனக்கும் அவர்தான். அவரை விட்டுட்டுச் சொந்தக்காரனைக் கூப்பிட்டீங்களோ? உங்களைச் சொல்லவேணும் அம்மா.”

பஸ்ஸில் வரும்போது என்னை நானே ஏசிக்கொண்டு வந்தேன்.

வந்த கையோடு வாய்க்காலைத் தாண்டிப் போனேன். அந்தக் குடியிருப்புக்கு நான் போனது அதுதான் முதல் தரம். அவர் வீட்டு முற்றம் என் முற்றத்தைவிடத் துப்புரவாக இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. விசயத்தைச் சொன்னேன். பையை எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். என் முன் படலையில் வந்து நின்றுவிட்டார்.

“போர்டு எங்கங்கம்மா இருக்கு?”

“உள்ளுக்கு.”

“அப்ப நான் உள்ள வரணும்.”

“வெளியால நிண்டு செய்யேலாதோ?” என்று கேட்டேன். பன்னிரண்டு குஞ்சைப் புதைத்துவிட்டு, முழங்கை இன்னும் நோகிற நேரத்தில், நான்தான் அப்படிக் கேட்டேன்.

“போர்டுக்குப் போகாம பல்புல இருந்து இழுத்ததுதானேம்மா நேத்து உருகி விழுந்திச்சு,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வானத்தைப் பார்த்து மழை வருமா என்று சொல்வதுபோலச் சொன்னார். “அப்படித்தான் வேணும்னா நான் போயிட்டு வாறேன். கைய வச்சா சரியாத்தான் பண்ணுவேன்.”

கடகத்துக்குள் குஞ்சுகள் கத்துகிற சத்தம் படலை வரை கேட்டது. குளிர்ந்த குஞ்சின் சத்தம் வேறு. கூர்மையாக, விடாமல் இருக்கும்.

“வாரும்,” என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு முன் வாசலால் உள்ளே வந்தார். நடு அறைக்குப் போனார். சாமிப் படம் ஒன்றும் கீழே விழவில்லை.

பியூஸ் கட்டையைக் கழற்றிப் பார்த்தார்.

“இது பியூஸ் இல்லம்மா. ஆணி. வீடு பத்தி எரிஞ்சாலும் இது போகாது.”

முதலில் குஞ்சுகளைப் பார்த்தார். நெல் அறையில் புது ஹோல்டர் இரண்டு பூட்டி, நூறு வோட்ஸ் பல்ப் இரண்டைத் தகரத் தொப்பி போட்டு, நிலத்திலிருந்து ஒரு முழ உயரத்தில் தொங்கவிட்டார். கடகத்தை அதன் கீழ் கவிழ்த்தேன். அரை மணித்தியாலத்தில் குஞ்சுகளின் சத்தம் மாறியது. பரந்து நின்று கொத்தத் தொடங்கின.

“இதுவே பத்துமேம்மா. அந்தப் பொட்டி எதுக்கு?”

“இந்த வாடைக்குக் காணாது. அதோட, பூட்டுறன் எண்டு ஒழுங்கைக்கே சொல்லிப்போட்டன்,” என்றேன்.

“சொல்லிட்டீங்கன்னா சரிதான். அப்ப ஒழுங்கா பண்ணுவோம்,” என்றார்.

இரண்டு நாள் செய்தார். மெயின் சுவிச்சைப் போடவிடாமல் அதில் ஒரு துணியைக் கட்டிவிட்டுத்தான் கை வைப்பார். கட்டிய பிறகும் கரண்ட் இருக்கிறதா என்று ரெஸ்ரர் வைத்துப் பார்ப்பார். நாக்கு வைத்துப் பார்க்கவில்லை. ஏழு இழைச் செம்பு வயர், இரும்புக்கடையில் வாங்கியது. அதைப் போர்டிலிருந்து ஹீற்றருக்கென்றே தனியாக இழுத்தார். அதற்குத் தனிப் பியூஸ். சதுரக் கால் பிளக் ஒன்று வாங்கி மாட்டி, அது செருகுகிற பெட்டியை உமி படாமல் இடுப்பு உயரத்தில் சுவரில் பூட்டினார். ஹீற்றரைத் திறந்து பார்த்து என்னைக் கூப்பிட்டார். கப்பலில் அடிபட்டு உள்ளே ஒரு வயர் தகர விளிம்பில் அறுபட்டிருந்தது. அதுதான் என்னைத் தூக்கி எறிந்தது.

“இந்தப் பச்சை மஞ்சள் வயர் இருந்திருந்தா, இது தகரத்தில பட்ட உடனேயே மண்ணுக்குப் போயிருக்கும், பியூசும் போயிருக்கும். ஒங்களைத் தொட்டிருக்காது. இது சும்மா இருக்கிற வயர்தாம்மா. ஒரே ஒரு நாளைக்குத்தான் வேலை செய்யும்.”

அறுபட்ட வயரை மாற்றி, சுற்றிக் குழாய் போட்டார். கிணற்றடியில், எப்போதும் ஈரமாக இருக்கிற இடத்தில், ஆள் உயரச் செம்புக் கம்பியை அடித்து இறக்கி, அதிலிருந்து பச்சை வயரைப் போர்டுக்கும் பிளக்குக்கும் கொண்டுவந்தார். பிழை வந்தால் கரண்டைத் தானே நிறுத்துகிற ஒரு ட்ரிப் சுவிச்சும் வீட்டுக்கென்று வைத்தார். அதில் இருந்த பொத்தானை அழுத்திக் காட்டினார். வீடு முழுக்கக் கரண்ட் சடக்கென்று நின்றது. இன்னொரு தரம் அழுத்தச் சொன்னேன். அழுத்தினார். நிற்பதும் நல்லதுதான் என்று அன்று கண்டேன்.

ஹீற்றரைச் சீமெந்து நிலத்தில் வைத்து, மூன்றடிக்கு உமி, சாக்கு ஒன்றும் இருக்கக்கூடாது என்று கரிக்கட்டியால் கோடு கீறினார். குஞ்சுகள் கிட்டப் போகாமல் கம்பி வலையும் அடித்தார். ஒரு மணித்தியாலம் எரியவிட்டு, வயரைத் தொடச் சொன்னார். தொட்டேன். கிணற்றுக் கயிறு மாதிரிக் குளிர்ந்து கிடந்தது.

முதல் நாள் மத்தியானம் தேத்தண்ணி ஊற்றினேன். கை பழக்கத்தில் மாட்டுக்கொட்டிலுக்குப் போய், தகரப் பேணியைத் தொட்டுவிட்டு, விட்டுவிட்டு வந்து, குசினியிலிருந்த நல்ல கோப்பையில் கொண்டுபோனேன்.

“வேணாம்மா. நான் வேலை செய்யிற எடத்தில குடிக்கிறதில்ல,” என்று சொல்லிப் பையிலிருந்து தன் போத்தலை எடுத்துத் தண்ணீர் குடித்தார். வருடக் கணக்காக அந்தப் போத்தலை அவர் சுமக்கிறார் என்று அதன் நசிவைப் பார்க்கவே தெரிந்தது. கோப்பையைக் கொண்டுபோய் நானே குடித்தேன். குடித்தது உடம்பில் ஒட்டவில்லை. இரண்டாவது நாள் அவரை “நீங்கள்” என்று கதைத்தேன். அவர் அதைக் கவனித்ததாகக் காட்டவில்லை. கூலியைச் சரியாகக் கேட்டார், சரியாக வாங்கினார், போனார்.

நாலாம் நாள் மச்சாள் ஒரு கூடையைத் துணியால் மூடிக்கொண்டு மழைக்குள் வந்தார். லாம்பு அணைந்து அணைந்து, ஐம்பதில் பதினேழுதான் மிச்சம்.

“உம்மட குஞ்சுகளோட இதுகளையும் விடும்,” என்றார்.

“உங்கட வீட்டுக்கும் அவரைக் கூப்பிடுங்கோவன் மச்சாள். ஒரு நாள் வேலை.”

“அந்தாளை என்ர வீட்டுக்குள்ள விடச் சொல்லுறீரோ? நீர் விட்டதே காணும். ஊர் முழுக்க இதுதான் கதை.”

“அப்ப அவர் பூட்டின சூட்டில உங்கட குஞ்சுகள் நிக்கலாமோ?”

“குஞ்சுக்கு என்ன தெரியும்?” என்றார்.

குஞ்சுகளைப் பார்த்து வாங்கி, வலைக்குள் விட்டேன். தினமும் விடிய மச்சாள் வருவார். வாசல்படியில் நின்று தீன் போட்டுவிட்டுப் போவார். அறைக்குள் கால் வைக்கமாட்டார். அவர் கால் படாமல் என் அறை ஒன்றும் குறைந்துபோகவில்லை.

இரண்டாம் கிழமை முடிவில் அதிகாரிப் பிள்ளை எண்ண வந்தாள். மச்சாளும் மருமகனும் அப்போது வாசலில் நின்றார்கள். வலைக்கு வெளியே குந்தியிருந்து, விரலை நீட்டி நீட்டி எண்ணினாள். இரண்டு தரம் எண்ணினாள்.

“அம்மா, அம்பதுதானே தந்தனாங்கள். அம்பத்தஞ்சு நிக்குது. அதுக்குள்ள முட்டையும் போட்டுப் பொரிச்சிட்டுதோ?”

“பதினேழு மச்சாளின்ர. அவாவைக் கேளும்.”

“எங்கட வீட்டில கரண்ட் கொஞ்சம் பழுது பிள்ளை,” என்றார் மச்சாள்.

பிள்ளை எழும்பி அறையைச் சுற்றிப் பார்த்தாள். வயரைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள், சுவரில் பிளக்கைப் பார்த்தாள். “நல்லாச் செய்திருக்கு. ஆர் செய்தது? இந்த ஒழுங்கையில இன்னும் எட்டு வீடு இருக்கு. அதுகளுக்கும் இதே மாதிரிச் செய்விக்கலாம். ஆளைச் சொல்லுங்கோ, நான் எழுதுறன்.”

“என்ர மகன்தான் பிள்ளை,” என்றார் மச்சாள். “சின்னனில இருந்தே இந்த வேலைதான் அவனுக்கு. என்ஜினியர் எண்டுதான் கூப்பிடுறது.”

மருமகன் தலையைக் குனிந்தான். ஆனால் இல்லை என்று சொல்லவில்லை. பிள்ளை பேனையைத் திறந்தாள்.

நான் வாயைத் திறந்தால், வாடையில் விறைத்தது என்று நான் சொன்ன பன்னிரண்டும் வெளியே வரும். ஐம்பதும் நிற்கும் என்று மரத்தடியில் நின்று கத்தியவள் தன் வீம்பால் குஞ்சுகளைக் கொன்றாள் என்று ஒழுங்கை முழுக்கப் போகும். திறக்காவிட்டால் எட்டு வீட்டில் எட்டு ஹோல்டர் உருகும். அந்த எட்டு வீடுகளில் ஓலைக் கிடுகுக் கூரை மூன்று.

“எழுதாதையும் பிள்ளை,” என்றேன். “இவன் செய்ததில என்ர பன்னிரண்டு குஞ்சு போச்சு. நானும் போயிருப்பன். குளிரில செத்தது எண்டு நான் சொன்னது பொய். இது செய்த மனுசன் வாய்க்காலுக்கு அங்கால இருக்கிறார். அவர் பெயரை எழுதும். முன் வாசலால கூப்பிட்டு, உள்ளுக்கு விடுற வீட்டுக்குத்தான் வருவார் எண்டும் சேர்த்து எழுதும்.”

பிள்ளை பெயரைக் கேட்டாள். எத்தனை வருடம் என் படலையைத் தாண்டிப் போன மனிதர். பெயர் எனக்குத் தெரியாது. வீடு மட்டும் சொன்னேன். என் முப்பத்தெட்டை எழுதிக்கொண்டு, வாய்க்கால் பக்கமாக நடந்தாள்.

மச்சாள் கூடையை எடுத்துவரச் சொல்லி மகனை அனுப்பினார். வந்ததும், வாசல்படியில் நின்றபடியே, வலைக்குள்ளிருந்து தன் பதினேழையும் எடுத்துத் தரச் சொன்னார். எது யாருடையது என்று யாருக்குத் தெரியும்? பதினேழு எண்ணிக் கொடுத்தேன். துணியால் மூடிக்கொண்டு மழைக்குள் போனார்.

அடுத்த நாள் விடிய, நான் முற்றம் கூட்டுகிற நேரம், அதே கூடையோடு வந்து படலையில் நின்றார். திறந்து பார்த்தேன். பதின்மூன்று இருந்தது. மற்ற நாலும் எங்கே என்று நான் கேட்கவில்லை. கூடையை வாங்கிக்கொண்டு போய் வலைக்குள் கவிழ்த்தேன். ஓடிப்போய் என் குஞ்சுகளோடு நின்றன.

“தீன் கொண்டு வாங்கோ,” என்றேன். “உங்கட பதின்மூண்டுக்கும் நான் போடமாட்டன்.”